மல்லித் தண்ணீரும் கோரோசனையும்

பிள்ளை பிறந்து ஐந்து நாளுக்குள் அந்த வீட்டுப் படலையைத் திறந்தாக வேண்டும். இலங்கையின் வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கும் எனக்கு அது கடமை. உள்ளே தாயும் சேயும் மட்டும் இருப்பதில்லை. துடக்கு என்கிற தீட்டு, பத்தியம், சரக்கு எல்லாம் கூடவே இருக்கும். இவை அத்தனையையும் மூடப்பழக்கம் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை.

மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு) அரைத்து, உள்ளி தட்டிப்போட்டு, பால்சுறாவுடன் காய்ச்சும் சரக்குக்கறியில் என்ன குறை? பிள்ளை பெற்ற உடம்புக்கு வேண்டிய புரதம் அதில் இருக்கிறது. முப்பத்தொரு நாள் துடக்கு என்று தாயை அடுப்படிக்கு விடாததிலும் ஓர் ஓய்வு உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு, தாயையும் மாமியையும் இழந்து மீளக்குடியமர்ந்த பெண்கள் சிலர் ஆறாம் நாளே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். துடக்கு ஒழிந்தது என்று அதைக் கொண்டாடவா முடியும்?

தண்ணீர் விடயம் வேறு. குடித்தால் வயிறு வைத்துவிடும் என்று சித்திரை வெயிலிலும் அளந்துதான் கொடுப்பார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் தாயின் உதடு வெடித்திருந்தது. சிறுநீர் எரிகிறது என்றாள். தலைமாட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொத்தமல்லி அவித்த தண்ணீர். மத்தியானம் வரைக்கும் அதுதான். நான் பச்சைத்தண்ணீர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

"ஆச்சி, இந்த மல்லித் தண்ணீரைப் பெரிய பானையில் அவித்து வையுங்கள். கேட்கிற நேரமெல்லாம் கொடுங்கள்."

"அது மருந்துதானே பிள்ளை, எவ்வளவும் கொடுக்கலாம்" என்றார்.

சீம்பாலைப் பிழிந்து வெளியே ஊற்றிவிடும் வழக்கம், பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு மாறியதும் பெரும்பாலும் தானாகவே போய்விட்டது. தாதிமார் பக்கத்தில் நிற்கும்போது யார் ஊற்றுவது?

கோரோசனையில் மட்டும் நான் இறங்கிப்போவதில்லை. மாட்டின் பித்தப்பையில் விளையும் கல்லைத் தாய்ப்பாலில் உரைத்து, சளிக்கு நல்லது என்று பச்சைப்பிள்ளையின் நாக்கில் தடவுகிறார்கள். சில வீடுகளில் தேனும் சேரும். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய கிருமி குடலில் நஞ்சை உண்டாக்கி நரம்புகளைத் தாக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். உரைகல்லில் ஈரம் காய்ந்திருக்காது. கேட்டால், "எனக்குத்தான் உரைத்தேன், இருமல்" என்பார் அம்மம்மா. அப்படியான வீடுகளுக்கு அட்டவணையில் இல்லாத நாளிலும் சைக்கிளைத் திருப்புவேன்.