ரீஃபண்ட் இரண்டு முறை போகக்கூடாது

2025 மார்ச் 3, திங்கள்
ரீஃபண்ட் சர்வீஸை டிஎல்ஏ பிளஸில், அதாவது ஒரு சிஸ்டம் எப்படி நடக்கவேண்டும் என்பதைக் கணக்கு விதிகளாக எழுதும் மொழியில், எழுதிப் பார்க்கிறேன் என்று டீம் லீடிடம் சொன்னேன். "ஸ்பிரிண்ட் வேலை தள்ளிப்போகாம பாத்துக்கோப்பா" என்றார். அப்படியென்றால் ராத்திரிதான். அமேசான் பொறியாளர்கள் 2015இல் எழுதிய கட்டுரையில், இதைக் கற்றுப் பலன் காண இரண்டு மூன்று வாரம் போதும் என்கிறார்கள். அந்தத் தைரியத்தில் இறங்குகிறேன்.

மார்ச் 5, புதன்
குறியீடுகள் பயமுறுத்தவில்லை. கணம், 'மற்றும்', 'அல்லது' எல்லாம் பள்ளிக் கணக்கில் பார்த்தவைதான். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். 'ஒரு ஆர்டருக்கு ஒரு ரீஃபண்ட்' என்று விதி எழுதினேன். பாதிப் பொருள் மட்டும் திரும்பி வந்தால்? பேங்க் பதிலே தராமல் டைம்அவுட் ஆனால்? மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது. நாலு வருஷமாக ஓடுகிற புரோகிராம் கோடு இது. எது சரி என்று ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

மார்ச் 8, சனி
மாடல் செக்கர் பிழையைக் காட்டிவிட்டது! நான் எழுதிய விதிகள்தான் மாடல்; எந்த வரிசையில் எது நடந்தாலும் அவை உடைகிறதா என்று தேடிப் பார்க்கும் கருவி இது. பதினோரு படிகள். கோரிக்கை பேங்குக்குப் போகிறது. பதில் வருமுன் வொர்க்கர் (அந்த வேலையைச் செய்யும் புரோகிராம்) விழுந்துவிடுகிறது. வேலைகளை வரிசையில் வைத்திருக்கும் கியூ அதே மெசேஜை இன்னொரு வொர்க்கரிடம் தருகிறது. அது புதிதாக ஒரு கோரிக்கை எண் போட்டு மறுபடி அனுப்புகிறது. பேங்குக்கு இவை இரண்டும் வேறு வேறு கோரிக்கைகள். பணம் இரண்டு முறை போய்விடும். நம் டெஸ்ட்கள் அத்தனையும் பச்சையாகத்தான் இருந்தன, ஏனென்றால் எந்த டெஸ்டும் வொர்க்கரை அந்தச் சரியான நொடியில் சாகடித்துப் பார்க்கவில்லை. அமேசானின் டைனமோடிபி என்ற தரவுத்தளத்தில் இப்படி அகப்பட்ட ஒரு பிழைக்கு 35 படிகள். எத்தனை பேர் உட்கார்ந்து ரிவ்யூ செய்தாலும் கண்ணில் படுமா அது?

மார்ச் 11, செவ்வாய்
டீமுக்குக் காட்டினேன். பிழையைத் திருத்த உடனே சம்மதம். மாடலை ரெப்போவில், டீமின் கோடு இருக்கும் பொது இடத்தில், சேர்க்கத்தான் தயக்கம். போன வருஷம் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணா, நாளைக்கு நான் கோடை மாத்தினா இந்த மாடலுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. இதைவிட நேர்மையான கேள்வியை யாரும் கேட்கவில்லை. மாடல் தனி, கோடு தனி. இரண்டையும் ஒத்துப்போக வைப்பது மனிதர்தான். புரோகிராம் கோடே சரி என்று கணக்குப்படி நிரூபிக்கவும் முடியும். 2009இல் எஸ்இஎல்4 என்ற கெர்னலுக்கு (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அதைச் செய்து காட்டினார்கள். சுமார் 8,700 வரி சி கோடு, அதற்கு ஏறக்குறைய 2,00,000 வரி நிரூபணம். பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடத்தில் 1998 முதல் ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிறது. அதன் பாதுகாப்பு மென்பொருள், விதியிலிருந்தே நிரூபித்துக்கொண்டே கோடு எழுதும் 'பி' முறையில் எழுதப்பட்டது. ஆனால் இரண்டு ரயில் மோதக்கூடாது என்ற விதி வாராவாரம் மாறுவதில்லை. எங்கள் ரீஃபண்ட் விதி மாறுகிறது. அதனால் மாடலைச் சேர்க்க லீட் மறுத்ததில் எனக்குக் கோபமில்லை. வருத்தம் உண்டு.

மார்ச் 14, வெள்ளி
திருத்தம் போய்விட்டது. இனி ஒரு ரீஃபண்டுக்கு ஒரே கோரிக்கை எண்தான், எத்தனை முறை அனுப்பினாலும்.

மாடல் இன்னும் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. அதிலிருந்த விதிகளைச் சாதாரண வாக்கியங்களாக எழுதி ஃபைனான்ஸ் அக்காவிடம் காட்டினேன். 'மொத்த ரீஃபண்ட், கட்டிய தொகையைத் தாண்டக்கூடாது' என்ற வரியில் பேனாவை வைத்து நிறுத்தினார்.

"கூப்பன்ல கழிஞ்ச தொகை, கட்டினதுல சேருமா?"

"நீங்கதான் சொல்லணும்க்கா."

"நாங்க இன்னும் முடிவே பண்ணலப்பா."