அரும்பு, மொட்டு, மலர்

2025 ஜூலையில், திருமங்கலத்துக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். ஈராசிரியர் பள்ளி. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஹெச்.எம். மேடத்துக்கு. ஒன்று முதல் மூன்று வரை எனக்கு, மூன்றும் ஒரே அறையில். வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கியது. தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு என்று அத்தனை வருடம் படித்தது இந்த ஒரு கையெழுத்துக்குத்தானே.

மதுரை செல்லூரில் பிறந்து வளர்ந்தவள் நான். மல்லிகை எனக்குக் கடையில் முழக்கணக்கில் வாங்குகிற பொருள். அது எப்படி வருகிறது என்று யோசித்ததே இல்லை.

அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்ப்பதில்லை. எழுத்து இன்னும் பிடிபடாதவர்கள் அரும்பு, கொஞ்சம் முன்னேறியவர்கள் மொட்டு, நன்றாக வாசிப்பவர்கள் மலர். அடிப்படைத் தேர்வு வைத்துப் பிரித்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு ம, ல தவிர எதுவும் தெரியவில்லை. திட்டத்தின் செயலியில் அரும்பு என்று குறித்தேன்.

அவள் காலை உணவு முடிந்ததும் தூங்கிவிடுவாள். சாம்பார் மணம் மாறாத கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பாய் ஓரத்தில். 2022-இல் மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் பள்ளியில்தான் அந்தக் காலை உணவுத் திட்டத்தையே தொடங்கிவைத்தார்கள். பசியோடு பிள்ளைகள் உட்காரக் கூடாது என்பதற்காக. அப்படியும் இவள் ஏன் இப்படி என்று எனக்கு எரிச்சல். மூன்று நாள் தொடர்ந்து எழுப்பினேன். நாலாம் நாள் சத்தமாகவே திட்டிவிட்டேன். அவள் அழவில்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்துப் பையன்தான் சொன்னான்: "டீச்சர், அது வெள்ளனாவே பூவெடுக்கப் போயிரும்."

சாயங்காலம் ஹெச்.எம். மேடம் என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மா மட்டும்தான். நாலு மணிக்கெல்லாம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கூலிக்குப் பூ எடுக்கப் போகிறார். விடிவதற்குள் எடுத்துக் கொடுத்தால்தான் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போகும். "அந்நேரத்துல வீட்டுல ஒத்தையில விட்டுட்டுப் போக மனசு வரல டீச்சர். வரப்புல உக்காத்தி வச்சா, தானா எந்திரிச்சு வந்து எடுக்குறா" என்றார். வரும் வழியில் ஹெச்.எம். மேடம், "பூ சீசன் முடியிற வரைக்கும் காலையில அரை மணி நேரம் தூங்க விடும்மா" என்றார். எட்டு வயதுப் பிள்ளை இருட்டில் எழுந்து போவதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, இருட்டில் எந்தப் பூவைப் பறிப்பது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன். சேர்ந்த நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. இன்றைக்கு எடுக்கிற மொட்டு வெள்ளையாக, திரண்டு இருக்குமாம். பச்சை ஓடினால் நாளைக்கு. அதைக் கிள்ளினால் திட்டு விழும். "விரிஞ்சிருச்சுன்னா வெலை போகாது டீச்சர். மொட்டுலதான் எடுக்கணும்." ஒரு கை அள்ளினால் எவ்வளவு எடை வரும், கால் கிலோவுக்கு எத்தனை கை என்பதெல்லாம் சொன்னாள். நான் கரும்பலகையில் பின்னம் எழுதி மூன்று நாளாகத் திணறிய இடம் அது.

அப்புறம் அரும்புக் குழுவுக்கு அட்டைகளை மாற்றி எழுதினேன். மல்லி, முல்லை, பிச்சி, கனகாம்பரம், நார், தராசு. ம, ல இரண்டும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததால் 'மல்லி' முதலில் வந்தது. புள்ளி வைத்த ல், மேலே வளைந்த லி இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். 'கனகாம்பரம்' வர இரண்டு வாரம் ஆனது. எழுத்துக்கூட்டி முடித்ததும் அவள் வாசித்ததைக் கேட்டு மொத்த அறையும் கைதட்டியது.

செயலியில் அவள் இன்னும் அரும்புதான். காலையில் ஒன்பதரை வரை பாய் ஓரத்தில் தூங்குகிறாள். மற்றவர்களை மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறேன்.