துருக்கி மொழியில் மறுத்துப் பேசப் பழகுகிறேன்: மூன்றாவது வாரம்

இந்த வாரம் முழுக்க எதிர்மறை வினைதான். தினமும் ராத்திரி அரை மணி நேரம், கையில் ஒரு நோட்டு.

அடிப்படை எளிது. வினையடிக்கும் காலம் காட்டும் விகுதிக்கும் நடுவில் 'மெ' அல்லது 'மா' வந்து உட்காரும். 'கெல்தி' வந்தான், 'கெல்மெதி' வரவில்லை. எது வரும் என்பதை முந்தைய உயிர்தான் முடிவு செய்யும்: 'கெல்' (வா) என்றால் மெ, 'அல்' (எடு) என்றால் மா. வந்துகொண்டிருக்கிறான் என்பதை மறுக்கும்போது மெ சுருங்கி 'கெல்மியோர்' ஆகிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது வழக்கத்தைச் சொல்லும் காலத்தில். 'கெல்மெஸ்' என்றால் வரமாட்டான். அதோடு தன்மை விகுதியைச் சேர்த்து 'கெல்மெஸிம்' என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அத்தனையும் தப்பு. நான் என்று வந்தால் அந்த ஸ் உதிர்ந்துவிடும்: 'கெல்மெம்', வரமாட்டேன்.

அடித்துத் திருத்தும்போதுதான் 'பில்மெம்' கண்ணில் பட்டது. பில் என்றால் அறி. பில்மெம், அறியேன்! இரண்டு மொழியும் உறவில்லாதவை, ஆனாலும் ஒரே சொல்லில் மறுப்பும் ஆளும் அடங்கிவிடுகின்றன. துருக்கியில் மறுப்புக்கு 'மெ' இருக்கிறது. நம்மிடம் அதுகூட இல்லை. 'அறிவேன்' என்பதில் காலம் காட்டும் வகரம் போனாலே மறுப்பு. வருஷக்கணக்காகச் சொல்லிவந்த சொல்லை அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன்.

இன்னொன்று, 'கெல்மெம்' வரமாட்டேன், 'கெலெமெம்' என்னால் வர முடியாது. நடுவில் ஓர் எகரம்தான் வித்தியாசம். டீ குடிக்கக் கூப்பிட்டவரிடம் அந்த எகரத்தை விட்டால் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும்.

நோட்டில் பிடிபடாதது அழுத்தம். இஸ்தான்புல்லில் இருக்கும் ஓர் அக்காவோடு வாரம் ஒருமுறை பேசுகிறேன்; 'அப்லா' என்றுதான் கூப்பிடுவது, அங்கேயும் அக்காவுக்கு அதுதான் சொல். பேசி முடித்ததும், பேச்சு நன்றாக இருந்தது என்று சொல்ல வந்து, 'கொனுஷ்மா'வில் நடு அசையை அழுத்திவிட்டேன். அவர் ஒரு நொடி நிறுத்தி, "கடைசி அசையை அழுத்து" என்றார். கடைசியில் அழுத்தினால் 'பேச்சு'. நடுவில் அழுத்தினால் 'பேசாதே'. எழுத்தில் இரண்டும் ஒன்றே. மறுப்பு விகுதி பெரும்பாலும் அழுத்தத்தைத் தனக்கு முந்தைய அசைக்குத் தள்ளிவிடுகிறது.

இப்போது இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி போனில் பதிவு செய்கிறேன். நேற்றுப் பத்தில் ஏழு சரி.