ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

கும்பகோணம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு எம்.காம். ப்ராஜெக்டுக்கு யாராவது ஒருவர், 'இணையவழிக் கற்றல் தளங்களை மாணவர்கள் ஏற்றுக்கொள்ளுதல்' என்ற தலைப்போடு வந்து நிற்பது வாடிக்கையாகிவிட்டது.

அதற்குத் தயார் நிலையில் ஒரு கோட்பாடும் இருக்கிறது. இதனால் எனக்குப் பயன் உண்டா, இது சுலபமா என்ற இரண்டு எண்ணங்களைப் பொறுத்தே ஒரு தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏற்கிறார்கள் என்றார் ஃபிரெட் டேவிஸ், 1989இல். 2003இல் வெங்கடேஷும் டேவிஸும் வேறு இருவரும் சேர்ந்து, சுற்றியிருப்பவர்களின் தாக்கம், கைக்கெட்டும் வசதி என்று அதை விரித்தார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுவார்கள். கூகுள் ஃபார்ம் தயாராகும், வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், எல்லோரும் 'ஒத்துக்கொள்கிறேன்' என்று தட்டிவிடுவார்கள். கையில் போன் இல்லாதவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டாரே என்று வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

மத்திய அரசின் இணையவழிக் கற்றல் தளமான ஸ்வயம், ஐஐடிகள் வழங்கும் என்பிடெல் ஆகியவற்றின் பாடங்களில் மாணவர்களைச் சேர்த்துவிடும் வேலை என் தலையில் விழுந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. ஜூலைப் பருவத்துக்கான பதிவு. லேபில் உட்கார வைத்துச் செய்தோம். ஒரு பெண் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"மெயில் பாஸ்வேர்ட் மறந்துடுச்சு சார். ஓடிபி அண்ணன் நம்பருக்குப் போகுது."

"போன் பண்ணிக் கேளும்மா."

"அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காங்க சார். ஷிஃப்ட் முடிஞ்சாத்தான் போனைப் பார்ப்பாங்க."

பக்கத்துப் பெண்ணுக்கு அப்பாவின் எண். மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கிற நேரம். ஆளுக்கும் டிராக்டருக்கும் பேச வேண்டுமே, போன் வயலில் இருந்தது. அவர் கண்ணாடியைத் தேடி ஓடிபியைப் படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிட்டது.

இந்தப் பெண்களுக்குத் தொழில்நுட்பம் கஷ்டமா என்றால், இல்லவே இல்லை. ரீல்ஸ் எடிட் செய்வதில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு காஸ்ட் அக்கவுண்டிங்கை யூடியூபில் தமிழில் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அதை ஏற்கச் சொல்லி யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. 'சுலபமா?' என்ற கேள்வி தனி ஒருவரிடம் கேட்கப்படுகிறது. இங்கே போனும் எண்ணும் ரீசார்ஜும் குடும்பத்துக்குப் பொது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது, நல்ல உதவிதான். ஆனால் ஒரே போன் உள்ள வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் பத்து மணிக்கே வகுப்பு என்றால் டேட்டா என்ன செய்யும்?

கட்டாயமாக்கினால் படம் மாறும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் படிப்புகள் பாடத்திட்டத்துக்குள் வந்த பிறகு பதிவு அமோகம். வருகைப் பதிவேட்டை வைத்துப் படிப்பில் ஆர்வம் என்று சொல்ல முடியாது அல்லவா, அதைப் போலத்தான் இந்தப் பதிவும். என்பிடெலில் பாடம் இலவசம். தேர்வுக்கு மட்டும் கட்டணம், அதையும் ஆன்லைனில் கட்டி, நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். தஞ்சாவூரோ திருச்சியோ, 'கூட யார் வர்றா?' என்று வீட்டில் கேட்பார்கள். நாலு தோழிகள் சேர்ந்து போவதென்றால் பணமும் வரும், சம்மதமும் வரும். 2003ஆம் ஆண்டுக் கோட்பாட்டின் 'சுற்றியிருப்பவர்கள்' இவர்கள்தான்.

இந்த வருட ப்ராஜெக்டில், போன் யாருடையது, எண் யாருடையது என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொன்னேன். ஃபார்மைத் தாளில் அச்சடித்து, பஸ் ஸ்டாண்டிலும் கேன்டீனிலும் கொடுத்து வாங்கி வந்தாள் மாணவி. 'எண்' என்ற இடத்தில் அப்பா, மாமா, அண்ணன் என்று உறவுமுறையாக வந்துகொண்டே இருந்தது. இதைக் கோட்பாட்டின் எந்த மாறியில், அதாவது எந்தக் காரணியில் அடக்குவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். 'வசதி' என்கிறாள் அவள். எனக்கு அது போதவில்லை.