ஆய்வுப் படிவத்தில் ஒரு குவார்ட்டர்

மதுப்பழக்கத்தைக் குறித்து நடத்தைசார் நலத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்றதும், முடிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதையே பலரும் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு.

காலத்தை விழுங்குவது தரவு சேகரிப்புதான். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளவிட உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' வினாப்படிவத்தில் 10 கேள்விகளே உள்ளன. மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8-ஐத் தொட்டால் தீங்கு விளைவிக்கக்கூடிய குடி என்று கொள்வது வழக்கம். ஆனால் குடிக்கும் நாளில் எத்தனை 'டிரிங்க்' (மதுவைக் கணக்கிடும் நிலையான அளவு) என்று இரண்டாம் கேள்வி கேட்க, நம் ஊரில் வரும் பதிலோ "ஒரு குவார்ட்டர் சார்" என்பதுதான். 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட 180 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கிறது. 10 கிராம் எத்தனால் ஒரு டிரிங்க் என்றால் அது ஆறு. அதை ஒன்று என்று குறித்துவிட்டால், 2 மதிப்பெண் பெறவேண்டியவர் அந்தக் கேள்வியில் 0 பெற்றுவிடுவார். (ஒரு குவார்ட்டரை இருவர் பாதியாகப் பங்கிடும் 'கட்டிங்' கணக்கு தனி.) அதனால் படிவத்தோடு பாட்டில் அளவுகளின் படங்களையும் இணைத்து, அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேட்டிருக்கிறேன்.