பேஜை முதலில் பிடி, ஹேண்டிலைப் பிறகு திற

பஃபர்டு ரைட் (மெமரி வழியாக ஃபைலில் எழுதும் வழக்கமான முறை) வந்ததும் லினக்ஸ் கர்னல் அதை உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. பேஜ் கேஷில், அதாவது ஃபைல் தரவை மெமரியில் வைத்திருக்கும் இடத்தில், ஒரு பேஜைப் பிடிக்கிறது, வழக்கமாக 4096 பைட். பயனர் தந்த தரவை அதில் நகலெடுத்து, டர்ட்டி (இன்னும் டிஸ்க்குக்குப் போகாதது) என்று குறித்துவிட்டுத் திரும்புகிறது. வேலை மூன்றுதான். ஆனால் அந்த பேஜை எந்தக் கட்டத்தில் ஒதுக்குகிறோம் என்பதில்தான் ஃபைல்சிஸ்டம் எழுதுபவர்கள் தடுமாறுகிறார்கள்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில் டிலேய்டு அலொகேஷன் (டிஸ்க் இடத்தைப் பிறகு ஒதுக்கும் முறை) இல்லாத பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தயார்செய்யும் ரைட்-பிகின் ஃபங்ஷன் அங்கே ஜர்னல் ஹேண்டிலைத் திறக்கும் முன்பே பேஜைப் பிடித்துவிடுகிறது. ஜர்னல் என்பது மாற்றங்களின் பதிவேடு; ஹேண்டில் அதில் எழுத நாம் எடுக்கும் அனுமதி. மெமரி நெருக்கடியில் பேஜ் ஒதுக்கீடு ரிக்ளெய்முக்குள், அதாவது பழைய பேஜ்களை விடுவிக்கும் வேலைக்குள், போகும். ரிக்ளெய்ம் ஃபைல்சிஸ்டத்துக்குள்ளேயே திரும்பி வந்து ஜர்னலைக் கேட்கலாம். அந்த நேரத்தில் ஹேண்டில் நம் கையில் இருந்தால் டெட்லாக்: ஒன்றுக்காக ஒன்று முடிவில்லாமல் காத்திருக்கும். டெட்லாக் ஆகாவிட்டாலும், திறந்து கிடக்கும் ஹேண்டில் கமிட்டை (ஜர்னலை டிஸ்க்கில் பதிந்து முடிப்பதை) நிறுத்திவைக்கும். எஃப்சிங்க் கேட்டவர்கள், அதாவது தரவு டிஸ்க்கில் சேர்ந்தது உறுதியாக வேண்டும் என்றவர்கள், எல்லாரும் காத்துக்கிடப்பார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. லாக் வரிசைப்படி ஹேண்டில் முதலில், பேஜ் லாக் அடுத்து. ஆகவே பிடித்த பேஜின் லாக்கை விட்டு, ஹேண்டிலைத் திறந்து, மறுபடி லாக் போட வேண்டும். அந்த இடைவெளியில் யாராவது ஃபைலை ட்ரங்கேட் செய்திருக்கலாம் (வெட்டிச் சுருக்கியிருக்கலாம்). பேஜின் மேப்பிங் (அது எந்த ஃபைலுக்கு உரியது என்ற குறிப்பு) இன்னும் நம் ஃபைலுடையதுதானா என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மாறியிருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹேண்டிலுக்குள் மெமரி கேட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. ரிக்ளெய்ம் ஃபைல்சிஸ்டத்துக்குள் திரும்பி வரக் கூடாது என்று சொல்வது நோ-எஃப்எஸ் கொடி. அங்கே ஒவ்வோர் அழைப்பிலும் அதைத் தூவுவதைவிட, மெம்அலாக்-நோஎஃப்எஸ்-சேவ், ரிஸ்டோர் ஜோடியால் அந்தப் பகுதி முழுவதையும் மூடுவதே சரி. உள்ளே நான்கு படி தள்ளி நடக்கும் ஒதுக்கீட்டுக்கும் அது பொருந்தும். எக்ஸ்ட்4-இன் ஜர்னல் அடுக்கான ஜேபிடி2 ஹேண்டிலைத் திறக்கும்போதே இதைச் செய்துவிடுகிறது.

நகலெடுப்பில் இன்னொரு பொறி. பயனரின் பஃபர் அதே ஃபைலின் அதே பேஜை எம்மேப் செய்ததாக (தன் மெமரி முகவரியில் இணைத்ததாக) இருக்கலாம். லாக்கைப் பிடித்தபடி பேஜ் ஃபால்ட் (மெமரியில் இல்லாத பேஜைத் தொடும் நிலை) வந்தால் நம்மையே நாம் பூட்டிக்கொள்வோம். அதனால்தான் ஃபால்ட்டை முடக்கி நகலெடுக்கிறார்கள்; பஃபரைத் தொட்டு மெமரிக்குள் வரவைக்கும் வேலை லாக்கைப் பிடிக்காத நேரத்தில் நடக்கிறது. அப்படியும் நகல் பாதியில் நிற்கக்கூடும். முழு பேஜும் எழுதப்படப்போகிறது என்று நம்பி டிஸ்க்கிலிருந்து படிக்காமல் விட்டிருந்தால், மிச்சப் பகுதியில் இருப்பது யாரோ விட்டுச்சென்ற பழைய மெமரி. அதை அப்டுடேட் (உள்ளடக்கம் சரியானது) என்று குறித்தால் அடுத்தவர் தரவு ஃபைலுக்குள் கசியும். எழுதுவதை முடித்துவைக்கும் ரைட்-எண்ட் ஃபங்ஷன் அப்போது 0 திருப்பித் தர வேண்டும்; மேலே உள்ள லூப் மறுபடி முயலும்.

லாக்டெப்பை, அதாவது லாக் வரிசைப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கர்னல் கருவியை, இயக்கிவைத்துச் சோதியுங்கள். எஃப்எஸ்-ரிக்ளெய்ம் என்ற பெயரில் அதற்கு ஒரு போலி லாக் இருக்கிறது. ரிக்ளெய்மிலும் எடுக்கப்படும் லாக்கைப் பிடித்துக்கொண்டு நோ-எஃப்எஸ் இல்லாமல் மெமரி கேட்டால், மெமரி தாராளமாக இருக்கும்போதே எச்சரிக்கை வரும்.