நாக்கு யார் கட்சி?

கும்பகோணத்தில் காப்பித்தூள் கடை வைத்திருக்கிறேன். யார் வீட்டில் என்ன கலவை என்பது எனக்கு அத்துப்படி. பக்கத்துத் தெரு மாமிக்கு பீபெர்ரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை), காப்பியும் சிக்கரியும் 80:20. சிக்கரி ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். 2024-இல் கொட்டை விலை தாறுமாறாக ஏறியபோது முனகிக்கொண்டே 60:40-க்கு இறங்கினார். "ஏதோ குடிச்சு வைப்போம்டா."

போன பொங்கலுக்குப் பிள்ளை வருகிறான் என்று பழைய கலவையையே வாங்கிப் போனார். மறுநாள் காலையில் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"என்னடா இது, வெந்நீர் மாதிரி இருக்கு! முன்னெல்லாம் நன்னா குடுப்பியே?"

அதே எஸ்டேட் கொட்டை, அதே வறுவல். சிக்கரி சேர்ந்தால் டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். அதற்குப் பழகின கண்ணுக்கு மற்றது நீர்த்துத்தான் தெரியும். அந்த அளவுக்கு மாமி பக்கம் நியாயம் உண்டு. ஆனால் வேண்டாவெறுப்பாக இறங்கியதையே மறந்துவிட்டார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. நான் வாதாடவில்லை, 60:40 அரைத்துக் கொடுத்தேன்.

ஸ்வீடனில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2010-இல் வெளியான ஆய்வு. சூப்பர்மார்க்கெட்டில் மேசை போட்டு இரண்டு ஜாம் ருசி காட்டி, எது பிடித்தது என்று கேட்டார்கள். ஜாடிக்கு மேலும் கீழும் மூடி, நடுவில் தடுப்பு, பக்கத்துக்கு ஒரு ஜாம். வந்தவர் பார்க்காதபோது ஜாடியைத் தலைகீழாக்கிவிட்டு, "பிடித்ததை இன்னொரு வாய் சாப்பிட்டு, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள்" என்று வேண்டாமென்றதையே ஊட்டினார்கள். மாற்றியதில் பிடிபட்டது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. பட்டை போட்ட ஆப்பிள் ஜாமுக்குப் பதில் கசப்பான கிரேப்ஃப்ரூட் ஜாம் வந்தபோதுகூடப் பிடிபட்டது பாதிக்கு மேல் இல்லை! மற்றவர்கள் தாங்கள் எடுக்காத ஜாமுக்குக் காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கை எதைத் தொட்டதோ அதற்கு வக்காலத்து வாங்குவதுதான் நாக்கின் வேலை போலும். இதைப் படித்தபிறகு பீபெர்ரிதான் உசத்தி என்று என்னிடம் யார் சத்தியம் செய்தாலும் சிரிப்பு வருகிறது. நானும் வீட்டில் அதைத்தான் குடிக்கிறேன், அது வேறு கதை.

புதிதாக வருகிறவர்களாவது வெறும் நாக்கோடு வரட்டுமே என்று விலைப்பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, டபரா செட்டில் மூன்று கலவை போட்டு நீட்டிப் பார்த்தேன். முதலில் வந்தவர் டம்ளரைத் தொடவே இல்லை.

"கிலோ என்ன விலைன்னு சொல்லுங்க தம்பி, அப்புறம் குடிச்சுப் பாக்கறேன்."